கல்லா, காலா

போன மாதம் ரிக்கார்டு ஆபீஸிலிருந்து இரண்டு பேர் என் வீட்டுக்கு வந்தபோது, நான் முதலில் செய்த காரியம் பின்கட்டுக் கதவு திறந்திருக்கிறதா என்று திரும்பிப் பார்த்ததுதான். பென்ஷன் வாங்க ஆரம்பித்து நாளாகிவிட்டது. யாரிடமும் கைநீட்டி வாங்கியவன் இல்லை. இருந்தாலும் வாசலில் நின்று யாராவது என் முழுப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் எனக்கு ஓடத்தான் தோன்றும். வேலையில் இருந்த காலம் முழுவதும் தோன்றியது. ஓய்வு பெற்ற பிறகு மட்டும் நின்றுவிடுமா?

வந்தவர்கள் நல்ல பிள்ளைகள். பையைத் திறந்து என் பழைய சுருக்கெழுத்து நோட்டுகளை எடுத்து வைத்தார்கள். புது மந்திரிசபை வந்ததும் பழைய தடைகளை எல்லாம் நீக்கிவிட்டார்களாம். அந்தக் காலத்தில் கூட்டங்களில் பாடிய பாட்டுகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். ஆனால் பாடியவர்கள் யாரும் எழுதி வைத்துக்கொள்ளவில்லை. எழுதியது போலீஸ் மட்டும்தான். போலீஸ் என்றால் வேலூர் வட்டாரத்துக்கு நான்தான்.

"எல்லாத்தையும் படிச்சிட்டோம் சார். ஒரே ஒரு எடத்துல மட்டும் நீங்களே 'கல் அல்லது கால்'னு எழுதியிருக்கீங்க. புஸ்தகத்துல 'அல்லது'ன்னு போட முடியாதுன்னு எங்க ஆபீஸர் சொல்றாரு. எதுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா போதும்" என்றார் மூத்தவர்.

யோசித்துச் சொல்கிறேன் என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். கிளம்பும்போது இளையவர், "இத்தனை கூட்டத்துல உக்காந்து எப்டி சார் எழுதினீங்க? பயமா இருக்காதா?" என்று கேட்டார். அவருக்காகத்தான் இதை எழுதுகிறேன். பயமாகத்தான் இருந்தது, தம்பி.

எனக்குச் சொந்த ஊர் ஒடுகத்தூர்ப் பக்கம். அப்பா ஊரார் கிணறுகளில் ஏற்றம் இறைத்தார். இறைக்கும்போது பாடுவார். எனக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான். எப்படியோ பள்ளிப் படிப்பை முடித்து, பட்டணத்தில் தமிழ்ச் சுருக்கெழுத்துப் பழகி, போலீஸில் ரிப்போர்ட்டராகச் சேர்ந்தேன். ரிப்போர்ட்டர் என்றதும் பத்திரிகைக்காரன் என்று நினைத்து ஊரில் மாலை போட்டார்கள். உண்மை தெரிந்ததும் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

சுருக்கெழுத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் வருவது விளங்காது. அதில் மெய்யெழுத்துக்குத்தான் கோடு. அ, ஆ, இ, ஈ எல்லாம் கோட்டுக்குப் பக்கத்தில் வைக்கிற புள்ளிகள். பேசுகிறவர் வேகமெடுத்தால் புள்ளி வைக்க நேரமிருக்காது. வெறும் கோட்டை இழுத்துவிட்டு, பிறகு உட்கார்ந்து அர்த்தத்தைக் கொண்டு படித்துக்கொள்வோம். பல்லுக்கும் பாலுக்கும் ஒரே கோடுதான். 'குழந்தை பால் குடித்தது' என்பதை யாரும் 'குழந்தை பல் குடித்தது' என்று படிக்கமாட்டார்கள். அதனால் பேச்சில் தொல்லையே இல்லை. பாட்டில்தான் ஆபத்து. பாட்டில் பல்லையும் குடிப்பார்கள், பாலையும் கடிப்பார்கள்.

எனக்கு மேலே இருந்தவர் இன்ஸ்பெக்டர் தாமோதரம். குரலை உயர்த்தி அவர் பேசியதை நான் கேட்டதே இல்லை. எல்லோரையும் 'தம்பி' என்பார், தன்னைவிட வயதில் மூத்த கான்ஸ்டபிளைக்கூட. கூட்டத்துக்குப் புறப்படும் முன் என் பென்சில்களை அவரே வாங்கிச் சீவுவார். சின்னப் பேனாக்கத்தி ஒன்று வைத்திருந்தார். சீவிய தூளைக் காகிதத்தில் சேர்த்து மடித்து ஜன்னலுக்கு வெளியே கொட்டிவிட்டு, முனையைக் கட்டைவிரலில் ஒற்றிப் பார்த்து, என் சட்டைப் பையில் ஒவ்வொன்றாகச் செருகுவார். அன்பாகச் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒருமுறை அவருக்குப் பிடிக்காத மாதிரி ஒரு ரிப்போர்ட் எழுதிவிட்டேன். அடுத்த கூட்டத்துக்கு மொட்டைப் பென்சில்களை அப்படியே நீட்டினார். அன்றைக்கு இரவுச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

கூட்டத்தில் எங்களுக்கென்று மேடைக்குக் கீழே ஒரு மேசை போடுவார்கள். அதன்மேல் ஒரு விளக்கு. சுற்றிலும் ஆயிரம் பேர் இருட்டில் உட்கார்ந்திருக்க, வெளிச்சத்தில் நான் ஒருவன். யார் என்ன எறிந்தாலும் குறி தவறாது. குடியாத்தத்தில் ஒரு கூட்டம். நெசவுக்காரர் ஒருவர் பாடப் பாட நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, பின்னாலிருந்து ஒருவன், "டேய், நம்ம பாட்டு ஜெயிலுக்குப் போவுதுடா, பாத்துப் பாடு" என்றான். கூட்டமே சிரித்தது. நானும் சிரித்தேன், பயத்தில். அன்றைக்கு ஒரே அடியை அவர் திரும்பத் திரும்பப் பாடியதை எல்லாம் வேகத்தில் புது அடியென்று நினைத்து எழுதித் தள்ளிவிட்டேன். மறுநாள் இன்ஸ்பெக்டர் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தார்.

"தம்பி, பேச்சை எழுதற மாதிரி பாட்டை எழுதக்கூடாது. பாட்டு திரும்பி வரும். ஒருவாட்டி எழுதிட்டு, திரும்பி வந்தா பக்கத்துல ஒரு கொக்கி போடுங்க. அந்த நேரத்துல விட்டுப்போன புள்ளியை வெச்சுக்கலாம்."

நல்ல யோசனை. அதன்பின் அப்படித்தான் செய்தேன். முதல் முறை கோடு, இரண்டாம் முறை புள்ளி. இந்த வழக்கம் ஒரே ஒரு கூட்டத்தில்தான் தவறியது.

ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஷாப்புக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்த சமயம். பாலாற்றங்கரை மைதானத்தில் சாயந்திரம் கூட்டம். முதலில் இரண்டு பேர் பேசினார்கள். பிறகு ஒரு பெண்ணை மேடையேற்றினார்கள். ரூத்தம்மாள் என்று வைத்துக்கொள்வோம், பெயரை மாற்றியிருக்கிறேன். ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கிறவள். தோல் பதப்படுத்த அந்தப் பட்டைத் தூள் மூட்டை மூட்டையாக வேண்டும். பெண்கள் நின்றுகொண்டு உலக்கையால் இடிப்பார்கள். அவள் நிறைமாதமாக இருந்தாள். மேடையின் மூங்கிலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் இடுப்பைத் தாங்கிக்கொண்டு, எந்த முன்னுரையும் இல்லாமல் பாட ஆரம்பித்தாள்.

'பட்டை இடி பட்டை இடி
பட்டணத்துத் தொரை வர்றான்'

பட்டணத்துத் துரை என்பது ஏற்றுமதிக் கம்பெனியிலிருந்து தோலின் தரம் பார்க்க வருகிற வெள்ளைக்காரர். அவர் பத்துத் தோலைத் தள்ளினால் ஷாப்பில் பத்துப் பேரைத் தள்ளுவார்கள். கீழே உட்கார்ந்திருந்த பெண்கள் எல்லோரும் அடுத்த அடியைச் சேர்ந்து எடுத்துக் கொடுத்தார்கள். நான் க், ல் என்று கோட்டை இழுத்தேன். '…எடடி தங்கச்சி, கதவு தெறக்கப் போவுதடி.' திரும்பி வரும்போது புள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டேன். பாட்டு திரும்பியும் வந்தது. அந்த நேரம் பார்த்து எவனோ பின்னாலிருந்து என் மேசையை உதைத்தான். விளக்கு ஆடியது. அது என் மடியில் விழாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடியை விடுவதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

கைதட்டல் ஓய்ந்து, அடுத்தவர் பேச எழுந்து, தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் ஊர்ப்பக்கத்திலிருந்து கார் விளக்கு தெரிந்தது. துரையின் கார். மைதானத்தை ஒட்டிய சாலையில் மெதுவாக வந்தது. யாரோ "தொரை! தொரை!" என்று கத்தினார்கள். ஒரு கல் பறந்தது. கண்ணாடி நொறுங்கிய சத்தத்துக்கு நான் மேசைக்கு அடியில் இருந்தேன். எப்படிப் போனேன் என்று கேட்காதீர்கள். துரைக்கு நெற்றி கிழிந்துவிட்டது. எறிந்தவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. பாடியவள் யார் என்று மட்டும் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் காலை வேலூர் ஆபீஸில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்துத் தமிழில் எழுத ஆரம்பித்தேன். அந்தக் கோட்டுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. க், ல். புள்ளி இல்லை. 'காலெடடி' என்றால் அது இடிக்கிறவர்கள் தினமும் சொல்கிற வார்த்தை. ஒரே உரலில் இரண்டு பேர் மாற்றி மாற்றி இடிக்கும்போது, பக்கத்தில் இருப்பவளைப் பார்த்து, உலக்கை விழப்போகிறது, காலை எடு என்பார்கள். துரை வருகிறான், சுறுசுறுப்பாக இடி என்றுதான் பொருள் வரும். 'கல்லெடடி' என்றால் துரை வருகிறான், கல்லை எடு. அதற்கு ஜெயில். பிள்ளையை வேலூர்ப் பெண்கள் ஜெயிலில்தான் பெற்றுக்கொள்ள வேண்டும். அவள் இடுப்பைத் தாங்கிக்கொண்டு நின்றது கண்ணை மூடினாலும் தெரிந்தது. காதில் என்ன விழுந்தது என்று மட்டும் தெரியவில்லை. எவ்வளவு யோசித்தாலும் விளக்கு ஆடியதுதான் நினைவுக்கு வந்தது.

இன்ஸ்பெக்டர் வந்து என் தோளுக்குப் பின்னால் நின்றார். அவர் மூச்சு என் காதில் பட்டது.

"இன்னா தம்பி, நின்னுபோச்சு?"

சொன்னேன்.

"கல்லு விழுந்திருக்குது தம்பி. பாட்டுல கல்லு இல்லாம அது எங்கேர்ந்து விழும்?" என்றார், குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற குரலில். பிறகு என் கையிலிருந்த பென்சிலை வாங்கி, நன்றாக இருந்த முனையை இன்னும் கொஞ்சம் சீவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்கு வீரம் கிடையாது. 'கால்' என்று எழுதினால் இவருக்குப் பயம். 'கல்' என்று எழுதினால் கோர்ட்டில் சத்தியம் பண்ணிச் சொல்ல வேண்டுமே என்று பயம். இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்று, 'கல் அல்லது கால்' என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுவிட்டேன். இன்ஸ்பெக்டர் அதைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு, உறையில் போட்டுப் பட்டணத்துக்கு அனுப்பினார். அங்கே இங்கிலீஷில் மொழிபெயர்த்தவர்கள் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வழக்கு போட உத்தரவு வந்துவிட்டது.

நான் கோர்ட்டில் கூண்டேறினேன். எதிர்க்கூண்டில் ரூத்தம்மாளுக்கு ஒரு முக்காலி போட்டிருந்தார்கள். வயிறு இறங்கிவிட்டிருந்தது, இன்றோ நாளையோ என்கிற மாதிரி. இன்ஸ்பெக்டர் முன் பெஞ்சில் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவளுக்காக வந்த வக்கீல் என் மூலப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"உங்க கோட்டைப் பாத்து, இது கல்லா காலான்னு சொல்ல முடியுமா?"

"முடியாதுங்க."

"காதுல எது விழுந்தது?"

"ஞாபகம் இல்லீங்க."

"பாட்டை வசனமாப் படிச்சா எப்படி ஞாபகம் வரும்? பாடிக் காட்டுங்க. தன்னால வரும்."

சர்க்கார் வக்கீல் துள்ளி எழுந்தார். ராஜதுரோகமான பாட்டைச் சர்க்கார் உத்தியோகஸ்தர் கோர்ட்டிலேயே பாடுவதா என்றார். மாஜிஸ்திரேட் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உமக்குப் பாட வருமா?"

"வராதுங்க, எஜமான்."

"பரவாயில்லை, பாடும்."

வாழ்நாளில் அப்படிப் பயந்தது கிடையாது. பாடினால் இன்ஸ்பெக்டர். பாடாவிட்டால் மாஜிஸ்திரேட். ஜன்னலுக்கு வெளியே ஆம்பூரிலிருந்து வந்த கூட்டம். கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினேன். முதல் அடி நடுங்கிக்கொண்டே வெளியே வந்தது. இரண்டாவது அடியில் குரல் கொஞ்சம் நின்றது. மூன்றாவது அடியில், நான் நினைக்காமலே, தொண்டை அதுவாக நீண்டது. 'காஆஆஆலெடடி தங்கச்சி…'

கண்ணைத் திறந்தேன். வக்கீல் துள்ளிவிட்டார். "பாருங்க எஜமான்! இந்த எடத்துல ராகம் நீளுது. காலை நீட்டலாம். கல்லை நீட்ட முடியுமா?"

மாஜிஸ்திரேட் உதட்டை அசைத்து, தனக்குள் ஒருமுறை பாடிப் பார்த்துக்கொண்டதை நான் பார்த்தேன். 'கல்' என்று சொல்லி அதை நீட்டப் பார்த்தார். நீளவில்லை. பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். ரூத்தம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குனிந்திருந்தாள். தோள் இரண்டும் குலுங்கின. அழுகிறாள், பாவம் என்று நினைத்து எனக்கும் கண் கலங்கியது. அன்று மாலையே அவளை விட்டுவிட்டார்கள்.

இன்ஸ்பெக்டர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லமாட்டார் என்று எனக்குத் தெரியும். அடுத்த கூட்டத்துக்கு மொட்டைப் பென்சில்கள் வந்தன. அதற்கடுத்த கூட்டத்துக்கு அவையும் வரவில்லை. என்னைத் தபால் பிரிக்கிற வேலைக்கு மாற்றிவிட்டு, வேறொருவரைக் கொண்டுவந்தார்கள். பென்ஷன் வரை தபால்தான் பிரித்தேன். ஆனாலும் அந்த 'காஆஆ' என்கிற ஒரு நீட்டலை நினைத்து மனசுக்குள் ஒரு பெருமை இருந்தது. என் காது கேட்டிருக்கிறது, மூளைதான் மறந்துவிட்டது, தொண்டை மறக்கவில்லை என்று நானே எனக்குச் சொல்லிக்கொள்வேன்.

ரிக்கார்டு ஆபீஸ் பிள்ளைகள் வந்தபோதே 'கால்' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் அச்சில் ஏறப்போகிறது, தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்று அங்கேயும் பயம். பாடினவளையே கேட்டுவிடலாம் என்று ஆம்பூருக்குப் பஸ் ஏறினேன்.

அவளை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. இப்போது அதே ஷாப்பில் பெண்களுக்கு மேஸ்திரியாக இருக்கிறாள். வாசலில் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று சொன்னதும் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அடக் கடவுளே, பாட்டு சார்! அன்னிக்கு கோர்ட்ல எனக்குச் சிரிப்பு தாங்கல சார். எங்க வலி வந்து அங்கயே பெத்துடுவனோன்னு பேஜாராப் போச்சு."

"சிரித்தாயா? அழுதாய் என்று நினைத்தேனே."

"அழுவறதா? நீ பாடுனது எங்க பாட்டு மெட்டே இல்ல சார்! ஏத்தம் எறைக்கிற பாட்டு மாதிரி இழுக்கற. இடிக்கிற பாட்டுல இழுப்பு ஏது? இழுத்துக்கினு நின்னா ஒலக்கை கால்மேலதான் விழும்."

அது அப்பா கிணற்றடியில் பாடிய மெட்டு. பயத்தில் கண்ணை மூடியதும் தொண்டை அங்கே போயிருக்கிறது. அந்த நீட்டலை வைத்துக்கொண்டுதான் ஒரு கோர்ட்டே தீர்ப்பு எழுதியது. அத்தனை வருஷம் நான் பெருமைப்பட்டதும் அதை வைத்துத்தான்.

"அப்படியானால் எது? கல்லா, காலா?" என்று கேட்டேன்.

"ரெண்டும்தான். தொரை எதிர்ல இருந்தா காலு. இல்லாங்காட்டி கல்லு."

அவள் சாதாரணமாகச் சொன்னாள். அன்றைக்குக் கார் எப்போது வந்தது என்று யோசித்தேன். பாட்டு முடிந்து, கைதட்டல் ஓய்ந்து, அடுத்தவர் தொண்டையைக் கனைத்தபோது. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"துரை இல்லாவிட்டாலும், போலீஸ்காரன் நான் உன் எதிரில்தானே உட்கார்ந்திருந்தேன்?"

"நீங்கல்லாம் தொரையா சார்?" என்று மறுபடி சிரித்தாள்.

சத்தியம் பண்ணிக் கூண்டில் நின்றவன் நான். பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. இரண்டும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்கு வரும் என்று எனக்கு அதுவரை தெரியாது. உள்ளேயிருந்து எட்டு ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி வந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "இதான் அன்னிக்கு என்னோட கோர்ட்டுக்கு வந்துது" என்றாள் ரூத்தம்மாள்.

வந்த காரியத்தைச் சொன்னேன். சர்க்கார் புத்தகம் போடுகிறது, உன் பாட்டும் அதில் வருகிறது, இப்போது தடையெல்லாம் இல்லை, உண்மையில் பாடியதையே போடலாம், பயப்பட வேண்டாம் என்றேன். நான் போய் இன்னொருவருக்குத் தைரியம் சொன்னது அதுதான் முதல் தடவை.

அவள் ஷாப்புக்கு உள்ளே பார்த்தாள். தரம் பார்க்கிற மேசைக்கு ஒருவன் வெள்ளைத் துணி விரித்துக்கொண்டிருந்தான்.

"இன்னிக்கும் தொரை வர்றான் சார். அந்தப் பொஸ்தகத்தை யார் யார் படிப்பாங்க?"

"எல்லோரும் படிப்பார்கள்."

"தொரையும் படிப்பானா?"

"யாராவது படித்துச் சொல்வார்கள்."

"அப்டின்னா காலுன்னே போட்டுடு சார்."

ஊருக்குத் திரும்பி, ரிக்கார்டு ஆபீஸுக்குக் 'கால்' என்று எழுதி, கையெழுத்தும் போட்டு அனுப்பிவிட்டேன். இதைப் படிக்கிறவர்களில் துரைமார் யாராவது இருந்தால் அவர்களுக்கும் சொல்லிக்கொள்கிறேன்: அந்த அம்மாள் பாடியது கால்தான்.